மழை பெய்யாத வாசல்

அந்தப் பொம்பிளை திரும்பி வரவே இல்லை என்று சலேத்தம்மாளுக்கு முதல்முதலாகச் சொன்னவள் ரோசம்மாள்தான், டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற ரோசம்மாள். சொன்னது எண்பதாம் வருஷம், மாசியில் தபசு காலம் பிறப்பதற்கு முந்தின வாரம், சவேரியார்பட்டிக் குழாயடியில் வைத்து. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, ஏதோ அடுத்த தெருவில் நடந்த சங்கதி மாதிரி சொன்னாள். "அமிர்தம்னு பேரு அவளுக்கு. புருசன்காரன் வாய்க்கு வந்தபடி பேசுறான், கை நீட்டுறான். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒருநாள் படி இறங்கிப் போயிடுறா. போனவ போனவதான்டி சலேத்து. நானும் தினம் ரெண்டு ஆட்டம் பாக்குறேன், ஒருநாக்கூட அவ திரும்பி வரல." அதற்கப்புறம் சலேத்தம்மாள் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பாள், எத்தனை தியானத்துக்குப் போய் முழங்காலில் நின்றிருப்பாள், எல்லாம் வந்த வழியே போய்விட்டது. ரோசம்மாள் குழாயடியில் சொன்னது மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்கவே இல்லை. இப்போது அந்த அமிர்தம் சலேத்தம்மாள் வீட்டுக் கூடத்தில், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற புது டிவிக்குள், மூக்குத்திக் கல் பளிச்சென்று எரிய, அரிவாள்மனையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கன்னத்தில் ஒரு சின்ன அம்மைத் தழும்பு. ஐயோ, இவளுக்கு அம்மை போட்டிருக்கிறதா. கொட்டகையில் இவள் முகம் நிலா மாதிரி ஒரே வெள்ளையாக அல்லவா இருந்தது. கழுத்தில் பவுடர் நின்றுபோன கோடு, முன்னங்கையில் பூனைமுடி, பக்கத்துப் பித்தளைச் சொம்பில் ஒரு நெளிசல். கூப்பிட்டால் என்னக்கா என்று திரும்பிவிடுவாள் போல. "எப்படிம்மா இருக்கு? பழைய ரீலைத் தேடிப் பிடிச்சு, தூசி துடைச்சு, கீறலை எல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சு, ஃபோர்-கேயில போட்டிருக்கான். அடுப்புமேடையில இருக்கிற டப்பா எழுத்துகூடப் படிக்கலாம் பாரு" என்றான் மகன் ஜெரால்டு, ரிமோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு. "தெரியுதுப்பா" என்றாள். தெரியத்தான் செய்கிறது. கண்ணில் புரை வளர்ந்து, போன மாசம்தான் அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். அதிலிருந்து எல்லாமே தெரிகிறது, தெரிய வேண்டாததும் சேர்த்து. வாசல்கதவு ஓரமாக, செருப்பு ஸ்டாண்டை ஒட்டி, சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று நிற்கிறதே, அதுவும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜெரால்டுதான் அதை உள்ரூமிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினான். தங்கச்சியின் பெட்டி. தங்கச்சி பேரும் அமிர்தம்தான். ஞானஸ்நானத்தன்று சாமியார், அந்தப் பேரில் புனிதை, அர்ச்சிஷ்டவள் யாரும் இல்லையே அம்மா என்று பேனாவை மூடி வைத்தபோது, சலேத்தம்மாள் தலை குனிந்தபடியே, பின்னால் ஒரு மேரியைச் சேர்த்துக்கோங்க சாமி, முன்னால இருக்கிறது இருக்கட்டும் என்று சொல்லி வைத்த பேர். அந்த மகள் அமிர்தம் இப்போது அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். மாதா திருவிழாவுக்கு வந்தவள், கொடி இறக்கியும் திருச்சிக்குத் திரும்பவில்லை. ரெண்டு நாள் இருக்கட்டும் என்றார்கள், பிறகு ஒரு வாரம் என்றார்கள், இப்போது யாரும் ஒன்றும் சொல்லாமல் ஆள் ஆளுக்குக் காலண்டரைப் பார்க்கிறார்கள். சாயங்காலம் பஸ்ஸில் மருமகன் பெலிக்ஸ் வருகிறான், கூட்டிப்போக. ஜெரால்டுதான் போனில் பேசி முடித்தான். "நடந்தது நடந்துபோச்சு மச்சான், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலன்னு அவரே சொல்றாரும்மா. அவரே இறங்கி வர்றப்ப நாம என்னத்தப் பேச? பையன் காலேஜ்ல படிக்கிறான், நாளைக்கு அவனுக்கு ஒரு பொண்ணு பாக்கணும்." ஜெரால்டு கெட்டவன் இல்லை. அம்மாவுக்குக் கண் தெளிவாகிவிட்டது என்று இவ்வளவு பெரிய டிவியை வாங்கி மாட்டியவன், அம்மா ஆயுசில் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் வாய் திறந்து பேசியிருக்கிறாள் என்று ஞாபகம் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தவன். இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. சலேத்தம்மாள் மடியில் கிடந்த ஜெபமாலையை எடுத்தாள். படம் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொல்வது மரியாதை இல்லைதான், ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வேளாங்கண்ணியில் வாங்கின கண்ணாடி மணி. மூன்றாம் பத்தில் ஒரு மணி எப்போதோ உடைந்து போய், அங்கே வெறும் முடிச்சுதான் இருக்கிறது. கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து தடுமாறும். ஆனாலும் அந்த முடிச்சின் மேலும் ஒரு அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். மணி இல்லை என்பதற்காக மந்திரத்தை விட முடியுமா.

டிவியில் புருசன்காரன் வந்துவிட்டான். வேட்டி, சில்க் சட்டை, மீசை. அவன் மீசை பசையில் ஒட்டினது என்று இப்போது தெரிகிறது, ஒரு ஓரம் லேசாகப் பிரிந்திருக்கிறது. இதைப் பார்த்தா அன்றைக்குப் பயந்தோம். அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தாள், கையால் மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் முந்தானையை விரித்து. மடியில் ஜெரால்டு, கடலைமிட்டாயைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் சினிமா என்று ஒன்றையும் பார்த்ததில்லை, அப்பா விட்டதில்லை. மாமியாரிடம் கோயிலுக்கு என்று சொல்லாமல், கொட்டகைக்கு என்றே சொல்லிவிட்டு வந்தாள், ரோசம்மாள் ஓசியில் விடுகிறாளாம் என்று. மாமியாரும் ஓசிதானே என்று விட்டுவிட்டாள். இந்த மீசைக்காரன் கையை ஓங்கினபோது பெண்கள் பக்கம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. ஐயோ என்று இல்லை. உம் என்று. தெரிந்த விஷயத்துக்குத் தலையாட்டுகிற சத்தம். அதற்கப்புறம் அந்த அமிர்தம் விளக்கை அணைத்து, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவைத் திறந்து, படி இறங்கி, மழையில் நடந்து போனாள். என்ன மழை. திரை கொள்ளாத மழை, கோடு கோடாக, நிற்காமல். அந்த மழையிலும் அவள் முந்தானையைத் தலைக்குப் போடவில்லை. அதைப் பார்த்துத்தான் சலேத்தம்மாள் மணலைக் கைநிறைய அள்ளி இறுக்கிக்கொண்டாள். இதோ இப்போது வரப்போகிறது. விளக்கை அணைக்கிறாள். ஜெரால்டே சத்தத்தைக் கூட்டுகிறான். கதவு. படி. வெயில். சலேத்தம்மாளின் கட்டைவிரல் நின்றுவிட்டது. வெயில், சுட்டெரிக்கிற சித்திரை வெயில், தூணின் நிழல் படியில் கத்தி மாதிரி விழுந்து கிடக்கிறது, தூரத்தில் ஒரு ஆடு படுத்து அசை போடுகிறது, அந்த அமிர்தத்தின் மேலுதட்டில் வியர்வை. "மழை எங்கப்பா?" "என்ன மழைம்மா?" "இவ இறங்கையில மழை பெய்யுமே." ஜெரால்டு திரும்பிப் பார்த்தான், அப்புறம் சிரித்துவிட்டான். "அது மழை இல்லம்மா! ஊர் ஊரா ஓட்டி ஓட்டி ரீல் தேஞ்சு கோடு விழுந்திருக்கும். அதைத்தான் நீ மழைனு நினைச்சிருக்க. ஏ அமிர்தம், இங்க வந்து கேளேன், அம்மா நாப்பது வருசமா மழை பெய்ஞ்சதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கு!" அடுக்களையில் பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது, திரும்பவும் தொடங்கியது.

கோடு. வெறும் கோடு. அதற்காகத்தானா அத்தனை மாசம் காத்திருந்தாள். ரோசம்மாள் சொன்னது தபசு காலத்துக்கு முந்தி, படம் பார்த்தது அடுத்த நாள், படி இறங்கினது ஐப்பசியில். நடுவில் எல்லாம் மழைக்காகக் காத்திருந்தாள். மழை பெய்தால் தெருவில் ஆள் இருக்காது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அது ஒன்று. ஆனால் உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அமிர்தம் மழையில்தான் போனாள், ஆகையால் போகிறதென்றால் மழையில்தான் போக வேண்டும். சமையலில் உப்பு கடைசியில்தான் போட வேண்டும் என்பது மாதிரி அதில் கேள்வியே கிடையாது. அந்த வருஷம் பார்த்துக் கோடை மழையும் ஏமாற்றிவிட்டது. சித்திரையில் ஒருநாள் மேகம் கூடிக் கலைந்தது, அன்றைக்கு ராத்திரி புருசன் சவரிமுத்து குடித்துவிட்டு வந்து, கதவுத் தாழ்ப்பாளோடு அவள் தலையைச் சேர்த்து இடித்தான். மறுநாள் குழாயடியில் கேட்டவர்களிடம் கதவு இடித்துவிட்டது என்றாள். பொய் இல்லை பாருங்கள், கதவுதானே இடித்தது. ஆடியில் காற்றுதான் அடித்தது. ஆவணியில் வயிற்றில் பிள்ளை புரண்டது. கோடு விழுந்த ரீலை நம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு இத்தனை அடியும் வாங்கியிருக்கிறாளே, ஆண்டவரே, அன்றைக்கே இந்த மாதிரி துடைத்த படமாகக் காட்டியிருந்தால் மறுநாள் வெயிலிலேயே இறங்கியிருப்பாளே. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததை நினைத்துப் பயம் வந்தது. ஐப்பசியில் அந்த மழை கடைசியில் வந்தபோது, சாயங்காலம் உலையில் அரிசி போடப் போனவள் போடவில்லை, அளந்த அரிசிப்படியை அப்படியே அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, ஜெரால்டைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், இறங்கினாள். முந்தானையைத் தலைக்குப் போடவில்லை. பிள்ளைக்கும் போடவில்லை, அதற்கப்புறம் அவனுக்குச் சளி பிடித்து மூன்று வாரம் இழுத்தது. திண்டுக்கல் ரோடு முழுக்க செம்மண் தண்ணீர். கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது கணுக்கால்வரைக்கும் சேறு, சேலைக்கரை கல் மாதிரி கனத்தது. அந்த மடத்து மதர், கால் கழுவ முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், கேள்வியை அப்புறம் கேட்டார்கள். அங்கேயே சலவைக்கட்டில் வேலை. ஆஸ்பத்திரித் துணி, டெட்டால் வாசனை, ஆவி, கஞ்சி, இஸ்திரி. அந்த ஆவிக்குள்ளேதான் ரெண்டு பிள்ளையும் வளர்ந்தது. இந்த வீடும் அந்த ஆவியில் எழும்பினதுதான்.

மகள் அமிர்தம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள், கையில் பூண்டுத் தோல் ஒட்டியிருக்க. தலைமுடியைத் தழையத் தழைய விட்டிருக்கிறாள், இந்தப் புழுக்கத்தில். வந்த நாளிலிருந்து அப்படித்தான். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, வாடி எண்ணெய் வைத்துச் சீவி விடுகிறேன் என்று பிடித்து உட்கார வைத்து முடியை வகிர்ந்தபோதுதான் சலேத்தம்மாள் பார்த்தாள், வலது காதுக்குப் பின்னால் முடி முளைக்காமல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு இடம். அதற்குக் கீழே பழசும் புதுசுமாகத் தழும்பு. கண் தெரியாதபோது எத்தனை தடவை இந்தத் தலையை வாரியிருப்பாள். விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லையே, இல்லை, தட்டுப்பட்டு, விரல் ஒதுங்கிப் போய்விட்டதா. "என்னடி இது?" "கதவு இடிச்சிருச்சும்மா." சீப்பு கையிலேயே நின்றது. வேறு யாரிடமாவது போய்ச் சொல்லு மகளே, கதவைப் பற்றி என்னிடம் சொல்லாதே என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் திரும்பி அம்மாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்டச் சொல்லிராதம்மா. மாதா மேல சத்தியம் பண்ணு." பண்ணிவிட்டாள். அந்தச் சத்தியம்தான் இன்றைக்கு நெஞ்சில் பாரமாக உட்கார்ந்திருக்கிறது, பெட்டியை அங்கே வைக்காதேடா என்று ஜெரால்டிடம் சொல்லவிடாமல். இன்னொன்றும் இருக்கிறது. சத்தியம் மட்டும் என்று சொன்னால் அது பொய். பயம். சலேத்து மகளாச்சே, அம்மா போன வழிதானே அவளும் போவாள் என்று திருவிழாப் பந்தலில் பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. பேர் வைத்தபோதே வழியையும் சேர்த்து வைத்துவிட்டேனோ. வயிற்றில் இருக்கும்போதே மழையில் நனைய வைத்தேனே, அது உள்ளே ஊறிவிட்டதோ. அருள் நிறைந்த மரியே. எத்தனையாவது மணி இது.

டிவியில் அந்த அமிர்தம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாள். ரெண்டு பக்கமும் புளியமரம். முதுகு சிறுத்துக்கொண்டே போகிறது. இவ்வளவுதான், இப்போது மயில் வரும். கொட்டகையில் இந்த இடத்தில் திரை ஒரு குலுக்குக் குலுக்கி, தோகை விரித்த மயிலும் வேலும் வந்து, கீழே சுபம் என்று விழும். குடும்பப் படத்துக்கு எதற்கு மயில் என்று அன்றைக்கு யோசிக்கத் தெரியவில்லை, படம் முடிந்தால் மயில் வரும் போலிருக்கிறது என்று எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போனாள். மயில் வரவில்லை. முதுகு போய்க்கொண்டே இருந்தது. "முடிஞ்சிருச்சேப்பா" என்றாள், குரல் ஏன் இப்படி வருகிறது. "எங்க முடிஞ்சுது? இனிமேதான் விசயமே இருக்கு. இதோட கடைசி ரீல் நம்ம பக்கத்துல எங்கயுமே இல்லையாம்மா. மலேசியாவுல ஒரு பழைய கொட்டகையைப் பூட்டும்போது டப்பாவோட கிடைச்சதாம். உங்க டூரிங் டாக்கீஸ்காரன் ரீல் இல்லாததால வேற சாமிப் படத்துச் சுபத்தை வெட்டி ஒட்டி முடிச்சுவிட்டிருப்பான். நீயே முழுசாப் பாத்ததில்ல. நானும் பாக்கல. அதுக்குத்தான உக்கார வச்சேன்!" எவ்வளவு சந்தோஷம் பிள்ளை முகத்தில். வேண்டாம் என்று சொல்லலாம். ரிமோட்டை வாங்கி அணைக்கலாம். உட்கார்ந்தே இருந்தாள். அந்த அமிர்தம் ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். நரைத்த மீசை வைத்த ஒரு மாமா வருகிறார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசுகிறார், பேசுகிறார், குடும்பம் என்கிறார், கோபுரம் என்கிறார், புருசன் படுக்கையில் விழுந்து உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்கிறார். போகாதே. எழுந்திருக்காதே. சவரிமுத்துவும் இதே மாதிரி ஆள் அனுப்பினான், காய்ச்சல் என்று, பேரைச் சொல்லிப் புலம்புகிறான் என்று. சாமியாரே சலவைக்கட்டுக்கு வந்து, மன்னிப்பது நம்முடைய கடமை அம்மா என்றார். மன்னிச்சுட்டேன் சாமி, இங்கே இருந்தே மன்னிச்சுட்டேன் என்று சொல்லி, கஞ்சியில் முக்கின அடுத்த விரிப்பை எடுத்தாள். நீயும் அப்படிச் சொல்லேன்டி. எழுந்துவிட்டாள். வருகிறாள். அதே வாசல், அதே தூண். "வராதே" என்றாள் சலேத்தம்மாள் சத்தமாகவே. ஜெரால்டு சிரிக்கவில்லை. மகள் அமிர்தம் அடுக்களை வாசலிலேயே நின்றாள். டிவியில் அந்த அமிர்தம் கட்டில்காலுக்குக் கீழே விழுந்து, மீசைக்காரப் புருசன் பாதத்தில் முகத்தை வைத்து அழுதாள். அவன் தோளைத் தொட்டுத் தூக்கினான். பாட்டு. வணக்கம்.

அப்படியானால். அப்படியானால் ரோசம்மாள் சொன்னது. தினம் ரெண்டு ஆட்டம் பார்த்தாளே அவள். அவளும் முக்கால் படம்தான் பார்த்திருக்கிறாள், சுற்று வட்டாரப் பொம்பிளைகள் எல்லாருமே முக்கால் படம்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த வருஷம் முழுக்க சவேரியார்பட்டியில் புருசனிடம் கோபித்துக்கொண்ட ஒவ்வொருத்தியும், அமிர்தம் மாதிரி படி இறங்கிருவேன் பாத்துக்க என்றுதான் மிரட்டினாள். மற்ற ஊர்களில் எல்லாம் படம் முழுசாக ஓடி, அங்கே உள்ள பொம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போய் உலை வைத்தார்களோ. இங்கே ஒரு டப்பா வந்து சேராமல் போனதால், யாரோ ஒருத்தன் ஒரு மயிலை வெட்டி ஒட்டினதால், ஒருத்தி நிஜமாகவே இறங்கி நடந்துவிட்டாள். திரும்பிப் போயிருக்க வேண்டுமோ. இல்லாத ஒரு முடிவை நம்பி ஒரு ஆயுசை ஓட்டிவிட்டேனோ. ஆற்றங்கரையில் அந்த மாமா சொன்னதைக் கேட்டிருந்தால் பிள்ளைகளுக்கு அப்பன் என்று ஒருத்தன் இருந்திருப்பானோ. பூசையில் முதல் நன்மை அப்பம் வாங்கின அன்றைக்கு ஜெரால்டு கோயில் வாசலில் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றானே, அந்த நிற்பு. கட்டைவிரல் முடிச்சில் வந்து நின்றது. மணி இல்லாத இடம். அங்கேயே நின்றது. நின்று, மெதுவாக, அந்த மந்திரத்தைச் சொன்னாள், ஒரு சொல் விடாமல். இத்தனை வருஷமாக இந்த முடிச்சின் மேல் சொன்னதெல்லாம் மேலே போய்ச் சேரவில்லை என்றா கணக்கில் எழுதியிருப்பாள் மாதா? மாதாவும் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போனவள்தானே. திரும்பிப் போ என்று வானத்துச் சம்மனசு எப்போது வந்து சொன்னார்? பிள்ளையைக் கொல்லத் தேடின ஏரோது ராஜா செத்தபிறகு. அதற்கு ஒருநாள் முன்னால்கூட இல்லை. சலேத்தம்மாளும் போனாள், சவரிமுத்து செத்த அன்றைக்கு, ரெண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. குழியில் ஒரு பிடி மண் போட்டாள், அவனுக்காக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முழுசாகச் சொன்னாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

"பாத்தியாம்மா" என்றான் ஜெரால்டு, குரலை லேசாக்கிக்கொண்டு, தங்கச்சி பக்கம் ஒரு பார்வை. "உன் அமிர்தமே கடைசியில வீட்டுக்குத்தான் வந்திருக்கா." வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் பெட்டி பக்கத்தில் இருந்துகொண்டு எந்த வேடிக்கையும் வேடிக்கையாக இருக்காது. மகள் அமிர்தம் தலையைக் குனிந்து, கையில் ஒட்டின பூண்டுத் தோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விடுவாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், அண்ணன் சொல்லுக்காக, மகன் கல்யாணத்துக்காக, டிவியில் காட்டினதற்காக, எந்தக் காரணத்துக்காகவாவது போய்விடுவாள். "ஜெரால்டு, அவ கால்ல விழுற இடத்துக்குக் கொண்டுபோப்பா." "எதுக்கும்மா?" "கொண்டுபோ." அவன் பின்னால் தள்ளி நிறுத்தினான். திரை நிறைய ஒரு ஜோடிப் பாதம். அந்த அமிர்தத்தின் பாதம், குப்புற விழுந்து அழுகிறவளின் குதிகால், இவ்வளவு பெரிசாக. சலேத்தம்மாள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். வெண்ணெய் மாதிரிக் குதிகால். நலுங்காத செம்பஞ்சுக் குழம்பு. சேலைக்கரையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கிறது, பெட்டியிலிருந்து இப்போதுதான் பிரித்த மாதிரி. ரோட்டில் போனபோது செருப்பில்லாமல் புழுதியில் போனாளே, ஆற்றங்கரையில் உட்கார்ந்தாளே, அந்த மண் எங்கே. எத்தனை ஆயிரம் சேலைக்கரையைச் சலவைக்கட்டில் தேய்த்திருப்பாள், நடந்தவள் கரை எது, நடக்காதவள் கரை எது என்று இவளுக்குத் தெரியாதா. போனாளே, அவள் நிஜமாகப் போனாள், வெயிலில், உதட்டு வியர்வையோடு. வந்தவள் யாரோ. படம் எடுத்த எவனோ ஒருத்தன் யாருக்கோ பயந்து, இந்த அட்டைக் கதவுக்குப் பின்னால் குளிக்க வைத்து, மடிப்புச் சேலை கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவள். நல்லா இருடி ரோசம்மா, நீ எங்கே இருந்தாலும். நீ சொன்னதுதான் சரி. ஒருநாள்கூட வரவில்லை. "இது நடந்த கால் இல்லப்பா" என்றாள். ஜெரால்டுக்கு விளங்கவில்லை, அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதோ என்று பாதி எழுந்தான். "நான் நடந்தேன்ல, எனக்குத் தெரியும். அவ வாசல்ல இறங்குற இடத்துக்குத் திருப்பு. அதோட நிறுத்து." திருப்பினான். வெயில், தூண் நிழல், படியில் ஒரு பாதம், காற்றில் ஒரு பாதம். அங்கே நிறுத்தினான்.

சத்தியம் சத்தியம்தான். மாதா மேல் பண்ணினதை மீற முடியாது. வாயால் சொல்லமாட்டேன் தாயே, நீயே பார்த்துக்கொள். சலேத்தம்மாள் திரும்பி மகளைப் பார்த்தாள், காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "அமிர்தம். புழுக்கமா இருக்கு. முடியை அள்ளி உச்சியில கட்டும்மா. கழுத்துல காத்துப் படட்டும்." மகள் நிமிர்ந்தாள். அம்மா கண்ணையே பார்த்தாள், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, டிவியில் ஒரு பாதம் காற்றிலேயே நின்றது. அப்புறம் ரெண்டு கையையும் தூக்கி, தழையத் தழையக் கிடந்த முடியை மொத்தமாக வாரி, சுருட்டி, உச்சியில் கொண்டை போட்டாள். போட்டுவிட்டு, மெதுவாக, அண்ணன் பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள். ஜெரால்டு கையிலிருந்த ரிமோட் சோபாவில் விழுந்தது. "என்னது இது?" "கதவு இடிச்சிருச்சு" என்றாள் அவள், சொல்லிப் பழகின குரலில். பிறகு திரும்பினாள். "கதவு இல்லண்ணே." அவன் முகத்தைச் சலேத்தம்மாள் பார்த்தாள், கோயில் வாசலில் நின்ற அதே பிள்ளை முகம். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல" என்றான், "நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சேனேடி." "வச்சா என்ன" என்றாள் சலேத்தம்மாள், "பெட்டிதானே." கேட் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். மருமகன் பெலிக்ஸ், சட்டையில் மடிப்புக் குலையாமல், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு, சிரித்த முகமாக. "அத்தை, நல்லா இருக்கீங்களா? கண்ணு இப்பத் தெளிவாத் தெரியுதா?" "தெரியுது மாப்பிள்ளை, நல்லாவே தெரியுது." அவன் கூடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான், மனைவியின் கொண்டையில் கண் ஒரு நொடி தங்கியது, உடனே கீழே இறங்கிப் பெட்டியைக் கண்டுகொண்டது. "அடடே, எல்லாம் தயாராத்தான் இருக்கு போல. கடைசி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்று குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தான். ஜெரால்டு ஒரு எட்டு முன்னால் வைத்தான். சலேத்தம்மாள் மகன் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் கை மணியைத் தேடவில்லை, ஜெபமாலை அதுபாட்டுக்கு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. குரலும் எப்போதும் போலத்தான் வந்தது, தணிந்து, வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

"அதைத் தூக்கிட்டீங்கள்ல மாப்பிள்ளை, அப்படியே கொண்டுபோய் உள்ரூம்ல வச்சிருங்க."